மாவு மூட்டைக்குப் பிறகு

போர் ஓய்ந்த ஊருக்கு வெளியிலிருந்து முதலில் வந்து சேர்வது மாவும் பால் பவுடரும் போர்வையும். வர வேண்டியவைதான், அவை வராவிட்டால் அடுத்த பேச்சுக்கே இடமில்லை. ஆனால், ஆறு மாதமோ ஒரு வருடமோ கழித்து வேறு கேள்விகள் எழும். பள்ளிக்கூடத்தை யார் நடத்துவது, தையல்காரருக்கு மெஷின் எங்கிருந்து வரும், பெற்றோரை இழந்த குழந்தையை எந்த மொழியில் வளர்ப்பது, இந்த ஊரிலேயே இருப்பதா, கிளம்பிப் போவதா? உதவி அனுப்புகிறவர்களுக்கு இவற்றுக்கெல்லாம் பதில் தெரிந்ததுபோலத் தோன்றும். பணம் கையில் இருக்கும்போது அப்படித் தோன்றுவது இயல்பு. உதவி தடம் மாறுவதும் அங்கேதான்.

கடந்த நூறாண்டில் இதை நெடுங்காலம் அனுபவித்துப் பார்த்த மக்கள் ஐரோப்பிய யூதர்கள். முதல் உலகப் போர், நாஜிப் படுகொலை, பனிப்போர், போஸ்னியப் போர், இப்போது உக்ரைன் என்று ஒவ்வொரு முறையும் கடல் கடந்து உதவி வந்தது. எங்கே அந்த உதவி ஒரு சமூகத்தை எழுந்து நிற்க வைத்தது, எங்கே புண்படுத்தியது என்று பார்த்தால் ஒன்று தெளிவாகத் தெரிகிறது: அந்தப் பணத்தை எப்படிச் செலவிடுவது என்ற முடிவு பெற்றவர்கள் கையில் இருந்த இடங்களில்தான் அது நிலைத்தது. அனுப்புகிறவருக்குக் கணக்குக் கேட்கும் உரிமை உண்டு. பிழைத்திருப்பவர் எங்கே, எப்படி வாழ வேண்டும் என்று சொல்லும் உரிமை கிடையாது.

1914 ஆகஸ்ட் இறுதியில், உதுமானியப் பேரரசுக்கான அமெரிக்கத் தூதர் ஹென்றி மோர்கெந்தாவ் நியூயார்க்குக்கு ஒரு தந்தி அனுப்பினார். பாலஸ்தீனத்து யூதர்கள் போரால் பட்டினியை நெருங்கிவிட்டார்கள், 50 ஆயிரம் டாலர் உடனே தேவை என்பது செய்தி. பணம் திரண்டது. அதற்குள் ஐரோப்பாவின் கிழக்குப் போர்முனையிலிருந்து அதைவிடப் பெரிய கூக்குரல் வந்துவிட்டது. அந்த நவம்பரில் பிறந்ததுதான் அமெரிக்க யூதர் கூட்டு விநியோகக் குழு. ஐரோப்பிய யூதர்களின் வாயில் அதன் பெயர் வெறும் 'ஜாயின்ட்'. ஜெர்மானிய வம்சாவளிச் செல்வந்தர்கள் ஒரு குழுவாகவும், வைதிக யூதர்கள் ஒரு குழுவாகவும், மறு ஆண்டில் வந்து சேர்ந்த தொழிலாளர்கள் ஒரு குழுவாகவும் தனித்தனியே வசூலித்தார்கள். இந்த மூவருக்கும் பல விஷயங்களில் ஒத்துப்போகாது. ஆனாலும் பங்கிட்டுக் கொடுப்பதை மட்டும் சேர்ந்து செய்வது என்று முடிவெடுத்தார்கள்.

போர் முடிந்ததும் துயரம் முடியவில்லை. 1918 முதல் 1921 வரை உக்ரைனில் நடந்த படுகொலைகளில் குறைந்தது 50 ஆயிரம் யூதர்கள் இறந்தார்கள். அதைவிடப் பல மடங்கு என்று சொல்லும் வரலாற்றாசிரியர்களும் உண்டு. நிவாரணம் கொண்டுபோன ஜாயின்ட் பிரதிநிதிகளில் பேராசிரியர் இஸ்ரேல் ஃப்ரீட்லாண்டரும் இளம் ரபி பெர்னார்ட் கான்டரும் 1920 ஜூலையில் அங்கேயே சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இன்னொரு பக்கம், நியூயார்க்கின் ஊர்ச் சங்கங்கள். போலந்திலும் லித்துவேனியாவிலும் இருந்த சின்னச் சின்ன ஊர்களுக்குக்கூட அமெரிக்காவில் ஒரு சங்கம் இருந்தது. சங்கத்தின் ஆள் ஒருவர் டாலர்களோடு கப்பலேறி, தான் பிறந்த ஊருக்கே போய் வீடு வீடாகக் கொடுப்பார். அந்தப் பணத்தில் பாசம் இருந்தது. எந்தத் தொழுகைக்கூடத்துக்கு, எந்தக் கட்சியின் பள்ளிக்கு என்ற சண்டையும் கூடவே போனது.

1921 வாக்கில் ஜாயின்ட் ஒரு முடிவுக்கு வந்தது. சோறு போட்டுக்கொண்டே இருக்க முடியாது. போட்டுக்கொண்டே இருப்பது நல்லதும் அல்ல. போலந்தில் மருத்துவத்துக்கென்று 'டோஸ்', ஆதரவற்ற குழந்தைகளுக்கென்று 'சென்டோஸ்' என உள்ளூர் யூதர்களே நடத்தும் அமைப்புகளிடம் பொறுப்பு போகத் தொடங்கியது. டோஸ் மருத்துவர்கள் பள்ளிக்கூடங்களில் கண்நோயையும் தலைப்படையையும் காசநோயையும் எதிர்த்து வேலை செய்தார்கள். இவையெல்லாம் முக்கியம்தான். ஆனால் என்னை மிகவும் கவர்ந்தது இவற்றைவிடச் சிறிய ஓர் ஏற்பாடு: வட்டியில்லாக் கடன் சங்கம். யித்திஷ் மொழியில் அதைச் சுருக்கமாக 'காஸா', பெட்டி என்பார்கள்.

அது நடந்த விதம் இதுதான். மூலதனத்தில் ஒரு பகுதி ஜாயின்ட்டிடமிருந்து வரும். மீதியை ஊர்க்காரர்களே திரட்ட வேண்டும். ஊரிலேயே தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரு குழு, யாருக்கு எவ்வளவு என்று தீர்மானிக்கும். சொத்து அடமானம் கிடையாது, ஜாமீன் கையெழுத்து போதும். வாராவாரம் சிறிது சிறிதாகத் திருப்பிக் கட்ட வேண்டும். செருப்புத் தைப்பவருக்குத் தோல் வாங்க, வண்டிக்காரருக்குக் குதிரை வாங்க, சந்தை நாளுக்கு முன் சில்லறை வியாபாரிக்குச் சரக்கு எடுக்க என்று சின்னத் தொகைகள். சக யூதரிடம் வட்டி வாங்கக் கூடாது என்பது பழைய வேத விதி. அந்த விதியின்மேல் ஒரு நவீன ஏற்பாட்டை எழுப்பினார்கள். 1930களில் போலந்து முழுக்க இப்படி நூற்றுக்கணக்கான சங்கங்கள் இயங்கின. யூதக் கடைகளைப் புறக்கணிக்கச் சொல்லும் பிரசாரம் தீவிரமான அந்த வருடங்களில், பல ஊர்களில் கடை மூடாமல் இருந்ததற்கு இந்தப் பெட்டிதான் காரணம். சங்கங்களுக்கென்று ஒரு பத்திரிகையும் வந்தது. அதை நடத்தியவர் எம்மானுவேல் ரிங்கெல்புளூம் என்ற வரலாற்று ஆசிரியர்.

கடன் வாங்கியவர் பிச்சைக்காரர் ஆகவில்லை என்பது மட்டுமல்ல இதன் சிறப்பு. கடன் கொடுக்கும் குழுவில் உட்கார்ந்தவர்கள் நிர்வாகம் பழகினார்கள். யாருடைய சொல் நம்பத் தக்கது, எந்தத் தொழில் நிற்கும், யாருக்குத் தவணை நீட்டிக்க வேண்டும் என்பதெல்லாம் நியூயார்க் அலுவலகத்துக்கு எந்தக் காலத்திலும் தெரியப்போவதில்லை. பக்கத்துத் தெருக்காரருக்குத் தெரியும்.

இவ்வளவும் என்னவாயிற்று என்று கேட்கலாம். போலந்தின் 33 லட்சம் யூதர்களில் ஏறத்தாழ 30 லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள். சங்கங்கள், பள்ளிகள், ஊர்கள், எதுவும் மிஞ்சவில்லை. சோவியத் ஒன்றியத்தில் ஜோசப் ரோசன் என்ற வேளாண் அறிஞரின் தலைமையில் 1924 முதல் கிரிமியாவிலும் உக்ரைனிலும் ஜாயின்ட் அமைத்த யூத விவசாயக் குடியிருப்புகளின் கதையும் அதுவே. டிராக்டரும் விதையும் போயின, நிலம் விளைந்தது. 1930களின் இறுதியில் ஸ்டாலினின் காவல்துறை அந்தத் திட்டத்தின் ஊழியர்களைக் கைது செய்தது, பலரைச் சுட்டது. மிச்சத்தை ஹிட்லரின் படை முடித்தது. எந்தக் கடன் சங்கத்தாலும் ஒரு ராணுவத்தைத் தடுக்க முடியாது. அதை எதிர்பார்ப்பதும் நியாயமில்லை.

ஆனால் வார்சா கெட்டோவில் நடந்ததைப் பாருங்கள். சுவருக்குள் அடைக்கப்பட்ட லட்சக்கணக்கானோருக்குக் கஞ்சி ஊற்றிய சமையற்கூடங்களை நடத்தியவர்கள் யார்? சென்டோஸ், டோஸ், ஜாயின்ட்டின் வார்சா அலுவலகம், கடன் சங்கங்களில் வேலை பழகியவர்கள். அமெரிக்காவிலிருந்து பணம் வரும் வழி அடைபட்டபோது, ஜாயின்ட்டின் உள்ளூர் பொறுப்பாளர்கள் கையில் காசு வைத்திருந்தவர்களிடம் போய், 'இப்போது கொடுங்கள், போர் முடிந்ததும் திருப்பித் தருகிறோம்' என்று கேட்டார்கள். கொடுத்தார்கள். ஆக்கிரமிக்கப்பட்ட பிரான்ஸிலும் இதே ஏற்பாடு நடந்தது. நாளை உயிரோடு இருப்போமா என்று தெரியாத நாட்களில், ஒரு வாய்மொழிக்கு அந்த மதிப்பு இருந்தது. இருபது வருடமாக அந்த அமைப்பு சொன்னதைச் செய்திருந்ததால் வந்த மதிப்பு அது. வார்சா அலுவலகத்தின் தலைவர்களில் ஒருவரான ஐசக் கிட்டர்மன் 1943 ஜனவரியில் கெட்டோவுக்குள் சுட்டுக் கொல்லப்பட்டார். ரிங்கெல்புளூம் தன் தோழர்களோடு சேர்ந்து கெட்டோ வாழ்வின் ஆவணங்களைத் திரட்டிப் பால் கேன்களிலும் தகரப் பெட்டிகளிலும் புதைத்துவிட்டு, 1944-இல் மாண்டார். கெட்டோவின் பட்டினியைப் பற்றி இன்று நாம் அறிவதில் பெரும்பகுதி அவர்கள் புதைத்த தாள்களிலிருந்து வந்தது.

1945-இல் நிலைமை வேறு. பிழைத்தவர்கள் ஊரில் இல்லை, முகாம்களில் இருந்தார்கள். ஜெர்மனி, ஆஸ்திரியா, இத்தாலி மூன்றிலுமாக உச்சத்தில் இரண்டரை லட்சம் யூத அகதிகள். ஜாயின்ட் தாமதமாகத்தான் வந்தது. புகென்வால்ட் வதைமுகாம் ஏப்ரலில் விடுவிக்கப்பட்டது. ஜாயின்ட்டின் ஆட்கள் உள்ளே போனது ஜூனில். ராணுவ அனுமதி கிடைக்கவில்லை என்ற காரணம் உண்மை. ஆனால் அந்த இரண்டு மாதங்களில் இறந்துகொண்டிருந்தவர்களுக்கு அது சமாதானமாகாது. அந்த இடைவெளியை நிரப்பியவர்கள் அமெரிக்கப் படையோடு வந்த சில யூத மதகுருக்களும், முக்கியமாகப் பிழைத்தவர்களுமே. கோவ்னோ கெட்டோவிலிருந்தும் தக்காவ் வதைமுகாமிலிருந்தும் மீண்ட மருத்துவர் ஸல்மான் கிரின்பெர்க் ஒரு மடத்தில் பிழைத்தவர்களுக்கான மருத்துவமனையை நிறுவினார். அந்த ஜூலையிலேயே பவேரியாவில் விடுதலை பெற்ற யூதர்களின் மையக் குழு உருவாகி, அவர் அதன் தலைவரானார். லான்ட்ஸ்பெர்க் முகாமில், தக்காவிலிருந்து மீண்ட யாக்கோவ் ஒலெய்ஸ்கி தொழிற்பயிற்சி வகுப்புகளைத் தொடங்கினார். ரஷ்யாவில் 1880-இல் பிறந்த 'ஓர்ட்' என்ற தொழிற்கல்வி அமைப்பின் லித்துவேனியக் கிளையை முன்பு நடத்தியவர் அவர். தையல், தச்சு, மோட்டார் பழுது, ரேடியோ பழுது என்று வகுப்புகள் முகாம் முகாமாகப் பரவின.

அமெரிக்க ஜனாதிபதி ட்ரூமன் அனுப்பிய ஏர்ல் ஹாரிசன், முகாம்களைப் பார்த்துவிட்டு ஆகஸ்டில் அறிக்கை கொடுத்தார். முள்வேலிக்குள், சிலர் சிறைச் சீருடையிலேயே, காவலுக்கு நடுவே வைக்கப்பட்டிருந்தவர்களைப் பார்த்து அவர் எழுதியவை வாஷிங்டனை உலுக்கின. யூதர்களுக்குத் தனி முகாம்கள் வந்தன, உணவு கூடியது, முகாம் நிர்வாகம் பெருமளவு முகாம்வாசிகளிடமே போனது. மறுவருடம் அமெரிக்க யூதர்கள் 10 கோடி டாலர் இலக்கு வைத்து, அதைத் தாண்டி வசூலித்தார்கள். அந்தத் தொகையில் பள்ளிகள், செய்தித்தாள்கள், நாடகக் குழுக்கள், திருமணங்கள், பிரசவங்கள் நடந்தன. அன்று உலகிலேயே மிக அதிகமான பிறப்பு விகிதம் இருந்த இடங்களில் இந்த முகாம்களும் சேர்த்தி.

முகாம்களின் ரபிகள் ஒரு கோரிக்கை வைத்தார்கள்: யூத மத நூல் தொகுப்பான தல்மூத் வேண்டும். நாஜிகள் எரித்தது போக, ஐரோப்பாவில் முழுத் தொகுதி கிடைப்பதே அரிதாகிவிட்டது. பசியில் இருப்பவர்களுக்குப் புத்தகமா என்று யாரும் கேட்டிருக்கலாம். காகிதம் கிடைக்காத ஜெர்மனியில், அமெரிக்க ராணுவமும் ஜாயின்ட்டும் சேர்ந்து ஹைடெல்பெர்கில் 19 தொகுதிகளாக அதை அச்சிட்டுக் கொடுத்தன. தலைப்புப் பக்கத்தின் அடியில் முள்வேலியிட்ட முகாமும் மேலே பனைமரங்களோடு புனித பூமியும் வரையப்பட்டிருக்கும். பத்து வருடங்களுக்கு முன் யூதப் புத்தகங்களைக் கொளுத்திய நாட்டில் அது அச்சானது. உதவி என்ற சொல்லுக்கு நான் அறிந்த மிக உயர்ந்த உதாரணம் இதுதான். கேட்டவர்கள் பிழைத்தவர்கள்; என்ன வேண்டும் என்பதை அவர்களே சொன்னார்கள்; கொடுத்தவர்கள் கொடுத்தார்கள்.

எல்லா இடத்திலும் இப்படி நடக்கவில்லை. 1948-இல் மோன்த்ரேயில் கூடிய உலக யூதக் காங்கிரஸ், ரத்தம் தோய்ந்த ஜெர்மன் மண்ணில் யூதர்கள் இனி ஒருபோதும் குடியேறக் கூடாது என்று தீர்மானம் போட்டது. அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் நோயாளிகள், முதியவர்கள், ஜெர்மானிய மனைவியோ கணவனோ உள்ளவர்கள், மறுபடி ஒரு மொழி கற்கத் தெம்பில்லாதவர்கள் என்று சில ஆயிரம் பேர் அங்கேயே தங்கினார்கள். பல வருடங்களுக்கு உலக யூத அமைப்புகள் அவர்களை அவமானச் சின்னங்களைப்போல நடத்தின. அழிந்துபோன ஜெர்மன் சமூகங்களின் கட்டடங்களும் நிலங்களும் யாருக்கு என்ற வழக்கில், புதிதாக முளைத்த சிறு சமூகங்களுக்கு எதிராக வெளிநாட்டு வாரிசு அமைப்பு நீதிமன்றம் ஏறியது. தக்காவ் முகாமில் பிழைத்தவர்களுக்காக, அது விடுதலையான சில வாரங்களிலிருந்தே பாடுபட்ட ராணுவ மதகுரு ஆபிரகாம் கிளாஸ்னர்கூட, 1948-இல் முகாம்வாசிகளைக் கட்டாயப்படுத்தியாவது பாலஸ்தீனத்துக்கு அனுப்ப வேண்டும், நிவாரணத்தை அதற்கான நெம்புகோலாகப் பயன்படுத்தலாம் என்று எழுதினார். மிகுந்த அன்பிலிருந்தும் இப்படி ஒரு யோசனை பிறக்கும் என்பது எனக்கு அச்சமூட்டுகிறது. பெரும்பாலானோர் இஸ்ரேலுக்கும் அமெரிக்காவுக்கும் தாங்களாக விரும்பியே போனார்கள். போகாதவர்களின் விருப்பமும் விருப்பம்தான். 1950-இல் தங்கியவர்கள் தங்களுக்கென ஒரு மையச் சபையை அமைத்தார்கள்; இன்று ஜெர்மனியில் யூதச் சமூகங்களின் பதிவு உறுப்பினர்கள் சுமார் 90 ஆயிரம் பேர், பெரும்பாலும் 1990களில் சோவியத் நாடுகளிலிருந்து வந்தவர்களும் அவர்களின் பிள்ளைகளும். அன்று தங்கியவர்கள் விளக்கை அணையாமல் வைத்திராவிட்டால், இவர்கள் வந்து சேர இடம் இருந்திராது.

பிரான்ஸில் வேறு விதமாக நடந்தது. அதற்குக் காரணமானவர்களில் ஒருவர் லாரா மார்கோலிஸ். 1941-இல் ஷாங்காய்க்கு அனுப்பப்பட்ட ஜாயின்ட் ஊழியர், அங்கே தஞ்சம் புகுந்திருந்த ஐரோப்பிய யூத அகதிகளுக்குச் சமையற்கூடத்தைச் சீர்படுத்தியவர், பேர்ல் ஹார்பர் தாக்குதலுக்குப் பின் பணம் நின்றுபோக, உள்ளூரிலேயே கடன் திரட்டியவர், ஜப்பானியரால் சிறைவைக்கப்பட்டவர். போருக்குப் பின் பிரான்ஸின் பொறுப்பு அவரிடம் வந்தது. அங்கே கம்யூனிஸ்டுகள், சியோனிஸ்டுகள், வைதிகர்கள், பிரெஞ்சுப் பூர்வீகத்தவர், போலந்திலிருந்து வந்தவர் என்று ஆளுக்கொரு சங்கம், ஆளுக்கொரு அநாதை இல்லம். எல்லோரும் ஜாயின்ட் வாசலில் தனித்தனியே நின்றார்கள். 1949-இல் இவற்றையெல்லாம் ஒன்றாகப் பிணைத்து, பிரெஞ்சு யூதர்களே வசூலித்து, பிரெஞ்சு யூதர்களே பங்கிடும் ஒரு பொது நிதி உருவாக அவர் துணை நின்றார். அதே ஆண்டில் வெர்சாய்ல்ஸில் சமூகப் பணியாளர்களுக்கென ஒரு பள்ளியும் திறக்கப்பட்டது. 1960களில் அல்ஜீரியாவிலிருந்து லட்சத்துக்கும் மேற்பட்ட யூதர்கள் பிரான்ஸில் வந்து இறங்கியபோது, அவர்களை வரவேற்க பாரிஸில் அமைப்பும் ஆட்களும் தயாராக இருந்தார்கள். அந்த நிதி இன்றும் இயங்குகிறது.

இதற்கிடையே, நாஜிக் கொடுமைக்கு இழப்பீடாக ஜெர்மனியின் பணத்தை வாங்கலாமா என்ற விவாதம் இஸ்ரேலைப் பிளந்தது. 1952 ஜனவரியில் நாடாளுமன்றத்தின்மீது கல்வீச்சே நடந்தது. செப்டம்பரில் லக்ஸம்பர்கில் ஒப்பந்தம் கையெழுத்தானது: இஸ்ரேலுக்கு 300 கோடி மார்க், நாகும் கோல்ட்மன் தலைமையிலான 'கிளெய்ம்ஸ் கான்ஃபரன்ஸ்' என்ற கூட்டமைப்புக்கு 45 கோடி மார்க். பின்னதில் பெரும்பகுதி ஐரோப்பாவில் பள்ளிகளாகவும் முதியோர் இல்லங்களாகவும் சமூகக் கூடங்களாகவும் மாறியது. இரும்புத்திரைக்கு அப்பால் அதுவும் வெளிப்படையாகப் போக முடியவில்லை. ருமேனியா, போலந்து, ஹங்கேரி என்று ஒவ்வொன்றாக ஜாயின்ட்டை வெளியேற்றின. 1953 ஜனவரியில், ஸ்டாலினைச் சூழ்ந்த மருத்துவர்கள் ஜாயின்ட்டின் கைக்கூலிகள் என்று மாஸ்கோ பத்திரிகைகள் எழுதின.

போஸ்னியாவின் சரயேவோவைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. 1492-இல் ஸ்பெயினிலிருந்து துரத்தப்பட்ட யூதர்களின் வழித்தோன்றல்கள் வாழ்ந்த நகரம். 'லா பெனெவோலென்ஸியா' என்ற அவர்களின் தர்ம சங்கம் தொடங்கியது 1892-இல். 1941-க்கு முன் சுமார் 10 ஆயிரமாக இருந்த சமூகம், 1992-இல் நகரம் முற்றுகைக்குள் சிக்கியபோது ஆயிரத்துச் சொச்சம். ஜாயின்ட் வெளியிலிருந்து பணமும் மருந்தும் பேருந்துகளும் ஏற்பாடு செய்தது. உள்ளே என்ன செய்வது என்பதைச் சங்கமே தீர்மானித்தது. சங்கம் எடுத்த முடிவு: யூதருக்கு மட்டும் என்று இல்லை, கேட்டு வருபவர் எல்லோருக்கும். தொழுகைக்கூடத்தில் சமையல் நடந்தது. நகரத்தின் மருந்துத் தேவையில் கணிசமான பங்கை அவர்களுடைய மருந்துக்கடைகள் இலவசமாகக் கொடுத்தன. முஸ்லிம்கள், செர்பியர்கள், குரோவேஷியர்கள் என்று எல்லாத் தரப்பினரும் அங்கே தொண்டர்களாக வேலை செய்தார்கள். நகரை விட்டு வெளியேறிய பேருந்துகளிலும் எல்லோரும் இருந்தார்கள். 1941-இல் கவிலியோ என்ற யூதக் குடும்பத்தை வீட்டில் ஒளித்து வைத்துக் காப்பாற்றிய முஸ்லிம் பெண்மணி ஜெய்னபா ஹர்தாகா, 1994-இல் தன் மகள் குடும்பத்தோடு அந்தப் பாதையில்தான் சரயேவோவை விட்டுப் போய் இஸ்ரேல் சேர்ந்தார். நியூயார்க்கில் உட்கார்ந்து விதி எழுதியிருந்தால், யூதரின் நிதி யூதருக்கே என்று எழுதியிருப்பார்கள். அப்படி எழுதியிருந்தால், நாலு பக்கமும் துப்பாக்கி நின்ற நகரத்தில் அந்தச் சின்னச் சமூகம் நட்போடு நின்றிருக்காது.

இப்போது உக்ரைன். 2022-இல் போர் தொடங்கியபோது, நாஜிகளிடமிருந்து தப்பிப் பிழைத்த சுமார் 10 ஆயிரம் முதியவர்கள் அங்கே இருந்தார்கள். படுக்கையில் இருந்த சிலரை ஆம்புலன்ஸில் ஏற்றி, ஜெர்மனியின் முதியோர் இல்லங்களுக்கே கொண்டுபோனார்கள். அவர்கள் எந்த வீட்டில், எத்தனையாவது மாடியில், என்ன மருந்தில் இருக்கிறார்கள் என்பது தெரிந்திருந்ததால்தான் அது முடிந்தது. 1990களிலிருந்து 'ஹெசெத்' என்ற உள்ளூர் பராமரிப்பு மையங்களின் பணியாளர்கள் வாரந்தோறும் அந்த மாடிப்படிகளில் ஏறி இறங்கியிருக்கிறார்கள். கார்கிவிலும் ஒடெசாவிலும் நிப்ரோவிலும் ஏராளமான பெண்களும் குழந்தைகளும் நாட்டை விட்டுப் போய்விட்டார்கள். வயதானவர்களும், போக முடியாத ஆண்களும், போக விரும்பாதவர்களும் இருக்கிறார்கள். இனி அங்கே யூத வாழ்வு இல்லை, முதியவர்கள் காலம் முடியும்வரை பார்த்துக்கொண்டால் போதும், மற்றவர்களை வெளியே கொண்டுவந்துவிடலாம் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். 1948-இல் ஜெர்மனியைப் பற்றியும் இப்படித்தான் சொன்னார்கள்.

எனவே, உக்ரைன் யூதர்களுக்காகத் திரளும் நிதியில் ஒரு பகுதியை இப்போதே, போர் முடியும்வரை காத்திருக்காமல், அந்தந்த நகரத்துச் சமூகங்கள் நிர்வகிக்கும் பொது நிதியாக ஒதுக்க வேண்டும். அதிலிருந்து பேக்கரி நடத்துபவரும் பல் மருத்துவரும் கணினிப் பயிற்சி வைப்பவரும் வட்டியின்றிக் கடன் வாங்கட்டும். வருடக் கணக்கை நன்கொடையாளர்கள் வரிக்கு வரி பார்க்கட்டும். பள்ளிக்கூடத்தை மறுபடி எந்தத் தெருவில் திறப்பது, திறப்பதா வேண்டாமா என்பதைக் கார்கிவ்காரர்கள் சொல்லட்டும்.